குழலுக்குள் சாமந்தி

அரிகிருஷ்ணனுக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறந்தால் கோபம். வாசலில் செருப்பைக் கவிழ்த்துப் போட்டால் கோபம். மின்சார ரயிலில் உள்ளே இடமிருந்தும் கதவை அடைத்துக்கொண்டு நிற்பவனைக் கண்டால், தாம்பரத்தில் முறைக்க ஆரம்பித்துக் குரோம்பேட்டையில் இறங்கும்போதுதான் முகத்தைத் திருப்புவார். ராணுவத்தில் இருந்தவர், அப்படித்தான் இருப்பார் என்று தெருவில் சொல்வார்கள். அது ராணுவத்தின்மேல் போடும் வீண்பழி. அவரோடு ஒரே வருடம் சேர்ந்து ஒரே வருடம் ஓய்வுபெற்ற அசரியா குரலை உயர்த்தி இதுவரை யாரும் கேட்டதில்லை.

அந்த அசரியா ஒரு காவல் நிறுவனத்தில் கள அதிகாரியாகச் சேர்ந்தார். அரிகிருஷ்ணனை அவர்தான் குரோம்பேட்டையில் ஒரு வங்கி வாசலில் நிறுத்தினார். வங்கிக் காவலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஆள் மட்டும் போதாது, லைசென்ஸோடு சொந்தத் துப்பாக்கி வேண்டும். துப்பாக்கி இல்லாதவர் கையில் லத்தியைக் கொடுத்து எங்காவது அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். அங்கே குடியிருப்பவர்களின் கார் கதவைத் திறப்பதும், அவர்கள் பிள்ளைகளின் சைக்கிளை மேலே தூக்கிக் கொடுப்பதும்தான் காவல். அரிகிருஷ்ணன் பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றை வாங்கியதே அந்தக் கேட்டிலிருந்து தப்பிக்கத்தான்.

பதின்மூன்று வருடத்தில் அந்தத் துப்பாக்கியால் அவர் ஒரு காக்காயைக்கூடச் சுட்டதில்லை. ஆனால் ஞாயிறு தவறினாலும் அதைச் சுத்தம் செய்வது தவறாது. காலைப் பலகாரம் முடிந்ததும் பழைய பிஸ்கட் டப்பா வெளியே வரும். மூன்று துண்டாகக் கழற்றி மாட்டும் மரத்தடி, அதன் முனையில் திருகும் பித்தளைக் கம்பி பிரஷ், கம்பளிக் குஞ்சம், சதுரமாக வெட்டிய வெள்ளைத் துணி. எண்ணெய் விஷயத்தில் அவர் யாருடைய பேச்சையும் கேட்கமாட்டார். தேங்காய் எண்ணெய் பிசுக்காகி உறையும், நல்லெண்ணெய் தூசியைக் கூப்பிட்டு உட்காரவைக்கும், அதனால் தையல் மிஷின் எண்ணெய்தான், அதுவும் ஒவ்வொரு சொட்டாக. துணி என்றால் பருத்தி. ஒருமுறை கனகவல்லி தெரியாமல் ஒரு நைலான் துண்டை வெட்டி வைத்துவிட, அன்றைக்கு மதியம்வரை வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

கனகவல்லி அவருடைய மனைவி. அவளுக்கும் அந்தத் துப்பாக்கிக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. தொண்ணூற்று நாலாம் வருடம் ஆயுத பூஜையன்று அரிவாள்மனை, தையல் மிஷின், சைக்கிள் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவள், துப்பாக்கிக் குழலுக்கும் மூன்று விரலால் சந்தனம் இழுத்து நடுவில் குங்குமம் வைத்தாள். இந்த வீட்டுக்குச் சோறு போடுகிற கருவி அதுதானே என்று நினைத்தாள். அரிகிருஷ்ணன் பார்த்தார். ஈரச் சந்தனம் இரும்பில் பட்டால் துரு பிடிக்கும் என்பதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அவர் தெருவே வெளியே வந்து நிற்கும்படி கத்தினார். சந்தனக் கிண்ணத்தைத் தூக்கி முற்றத்தில் வீசினார். எதிர்வீட்டு கங்கையம்மாள் வந்து, "நாளும் கிழமையுமா இன்னா தம்பி இது?" என்று கேட்ட பிறகுதான் அடங்கினார். கனகவல்லி அன்று சாப்பிடவில்லை. அடுத்த வருடத்திலிருந்து அவள் ஒரு மஞ்சள் துணிப் பட்டையைத் துப்பாக்கியின் தோல்வாரில் கட்டி, பொட்டைத் துணியில் வைத்துவிட்டு, உலோகத்தின் பக்கம் விரலைக் கொண்டுபோவதில்லை. அதைப் பற்றி இருவரும் மறுபடி பேசியதுமில்லை.

இரண்டாயிரத்து ஆறாம் வருடம் அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி செப்டம்பரிலேயே நோட்டீஸ் வந்துவிட்டது. வங்கிக் காவலுக்கு விலக்கு உண்டு என்றார்கள். விலக்குக் கடிதம் மேசை மேசையாக நகர்ந்து வந்து சேர்வதற்குள் ஓட்டே எண்ணி முடித்துவிட்டார்கள். எந்த ஸ்டேஷன் என்று சொல்லவேண்டாம். அவர் இன்னும் அங்கேதான் லைசென்ஸைப் புதுப்பிக்கவேண்டும்.

கொடுப்பதற்கு முன் இரண்டு மணி நேரம் சுத்தம் செய்து, எண்ணெய் பூசி, உறையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதன்பிறகு ஒரு மாதத்துக்கு மேல் வங்கி வாசலில் லத்தியோடு நின்றார். பாஸ்புக் பதிய வருகிறவனெல்லாம் "இன்னா சார், துப்பாக்கிய அடகு வச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனான். ஒவ்வொருத்தனுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னார்.

தீபாவளியும் முடிந்து, மழை பிடித்துக்கொண்ட ஒரு வெள்ளிக்கிழமை துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். ஏட்டு சின்னதம்பி உறையின் அடிப்பக்கத்தை மட்டும் திறந்து, எண்ணைப் படித்து, பதிவேட்டைத் தள்ளினார். "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. துப்பாக்கியின் மரக்கட்டையில் காய்ந்த சந்தனம் அப்பியிருந்ததை அரிகிருஷ்ணன் பார்த்தார். ஆயுதம் கைக்கு வந்ததும் திறந்து குழலுக்குள் பார்க்காமல் வாங்காதே என்பது ராணுவத்தில் முதல் வாரத்தில் சொல்லித்தரும் பாடம். பின்னால் நாலு பேர் நின்றார்கள். ஏட்டு பேனாவை நீட்டினார். அரிகிருஷ்ணன், "பரவால்ல சார்" என்று, யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து உறையை உருவினார். குழலின்மேல் மூன்று பட்டைகளாகத் துரு, நடுவில் வட்டமாக ஒரு துரு. விபூதி பூசிய நெற்றி மாதிரி இருந்தது. துப்பாக்கியை மடித்து, குழலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். இடது குழலில் வெளிச்சம் தெரிந்தது. வலது குழலில் தெரியவில்லை. முனையில் மரத்தடியை விட்டுக் குத்தியதும், கறுத்து அழுகிய ஒரு சாமந்திப் பூ காம்போடு வெளியே வந்து மடியில் விழுந்தது.

ஆயுத பூஜையன்று ஸ்டேஷனில் எல்லா ஆயுதங்களையும் அடுக்கிப் பூஜை போடுவார்கள் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அதில் தன் துப்பாக்கியும் சேரும் என்பதுதான் தோன்றவில்லை. ஒன்றாம் தேதி வைத்த பூ, நாலு வாரமாக மழைக்காற்றில் உள்ளேயே ஊறியிருக்கிறது. பூ அடைத்த குழலைப் பார்க்காமல் ஒருவன் சுட்டிருந்தால் குழல் வெடித்து அவன் கையும் முகமும் போயிருக்கும். பார்க்காமல் வாங்கிவந்த அந்த ஒருவன் தான்தான் என்று நினைத்தபோது அவருக்கு வந்தது பயம் பாதி, ஆத்திரம் பாதி.

திங்கட்கிழமை அசரியா வந்து துப்பாக்கியைப் பார்ப்பதாக ஏற்பாடு. அவர் ஒப்புக்கொண்டால் மறுபடி வங்கி. இல்லாவிட்டால் ஊரப்பாக்கத்தில் புதிதாகக் கட்டிய குடியிருப்பு ஒன்றுக்கு லத்தி ஆள் வேண்டும் என்று ஏற்கெனவே கேட்டிருந்தார்கள்.

டப்பாவில் இருந்த பிரஷ், கம்பியெல்லாம் சாய்ந்து கிழவன் மீசைபோல ஆகியிருந்தது. வாராவாரம் துடைக்க அது போதும், நாலு வாரத் துருவுக்குப் போதாது. மவுண்ட் ரோட்டில் துப்பாக்கிச் சாமான் விற்கும் கடைக்குப் போன் செய்தால், அந்த அளவு பிரஷ் வரப் பத்து நாளாகும் என்றான். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க, தாம்பரம் மார்க்கெட்டில் ஷாகுலின் இரும்புச் சாமான் கடைக்குப் போனார்.

"வாண்ணா. இன்னா, மூஞ்சி இப்டி கீது?" என்றான் ஷாகுல்.

"துரு எடுக்கணும்."

"இவ்ளோதானா? எமரி பேப்பர் தரேன். கேட்டு, கிரில்லு அல்லாத்துக்கும் இதான் போய்கினு கீது. நாலு இழுப்பு இழு, வெள்ளி மாரி ஆயிடும்."

"வெள்ளி மாதிரி ஆகக் கூடாதுய்யா! கறுப்பாத்தான் இருக்கணும். அந்தக் கறுப்பு பெயின்ட் இல்ல, அதுக்குத் தோலு. தோலை உரிச்சா அடுத்த மழைக்கு முழுக்கத் துருதான்."

ஷாகுல் பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரை எடுத்து வைத்தான். அரிகிருஷ்ணன் அதைத் தொடவில்லை. இரும்பை இரும்பால் தேய்த்தால் உள்ளே கீறல் விழும், கீறலில் ஈரம் போய் உட்காரும், துரு எடுக்கப்போய்த் துருவுக்கு வீடு கட்டிக்கொடுத்த கதையாகும் என்று, கடையில் ஆணி வாங்க வந்தவர்களும் கேட்கும்படி சொன்னார். ஷாகுல் யோசித்துவிட்டு, உள்ளே போய் பாய்லர் குழாய் கழுவும் நீளமான வட்ட பிரஷ் ஒன்றைக் கொண்டுவந்தான். அளவு சரியாக இருந்தது. பொன்னிறத்தில் மின்னியது.

"சுத்தப் பித்தளைண்ணா. கண்ண மூடிகினு எத்துகினு போ."

அரிகிருஷ்ணன் கண்ணை மூடுகிற ஆள் இல்லை. கல்லாவுக்கு மேலே பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றில் சாவிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அதைப் பிடுங்கி பிரஷ்ஷின் பக்கத்தில் கொண்டுபோனார். பிரஷ் துள்ளி வந்து காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. இரும்புக் கம்பிக்குப் பித்தளை முலாம்.

"இதுதான் உன் பித்தளையா? பித்தளை எந்த ஊர்ல காந்தத்துல ஒட்டுது? எல்லாரும் சேர்ந்து என்னை என்ன கேனையன்னு நினைச்சிட்டீங்களா?"

"எனக்கே தெர்லண்ணா, சத்தியமா. இன்னாத்துக்கு இப்டி பேஜார் பண்ற? இரு." ஷாகுல் ஏணி போட்டு ஏறி, மேல் தட்டில் தூசி படிந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கீழே கொண்டுவந்தான். அதில் இருந்த பிரஷ் மங்கலாக, பார்க்க அழுக்காக இருந்தது. காந்தம் அதைச் சீண்டவில்லை. அரிகிருஷ்ணன் கம்பியை நகத்தால் வளைத்துப் பார்த்தார். வளைந்து திரும்பியது. அதையும், அரை லிட்டர் மண்ணெண்ணெயும், ஒரு புட்டி தையல் மிஷின் எண்ணெயும் எடுத்துக்கொண்டார்.

அதற்குள் ஸ்டேஷன், பூஜை, பூ என்று எல்லாவற்றையும் அவனிடம் கொட்டித் தீர்த்திருந்தார். பொட்டலம் கட்டிக்கொண்டே ஷாகுல் கேட்டான்: "பூவ வச்சவங்கள நாலு வார்த்த கேட்டியா இல்லியா?"

"மூடியை நல்லா இறுக்கு. வழியுது பாரு."

"அப்ப கேக்கல" என்றான் ஷாகுல், நூலைப் பல்லால் அறுத்தபடி.

அரிகிருஷ்ணனுக்கு அந்த நூலை அறுத்த விதம்கூடப் பிடிக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தார்கள். இரவெல்லாம் மண்ணெண்ணெய் ஊறிய குழலைக் கனகவல்லி இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள, அவர் பிரஷ்ஷை மரத்தடியில் கட்டி ஒரே திசையில் இழுத்தார். முதல் துணி காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. பத்தாவது துணி டீ நிறத்தில் வந்தது. துணி பெரிதாக இருக்கிறது என்று கத்தினார். சிறிதாக வெட்டினால் அதற்கும் கத்தினார். குழல் ஆடுகிறது என்றார், வெளிச்சத்தை மறைக்கிறாய் என்றார். கனகவல்லி அடுத்த துணியை வெட்டினாள். வெளிப்பக்கத்துத் துருவுக்கு பிரஷ் கடினமாக இருக்கிறது, என்ன செய்வது என்று அவர் முனகியபோது எழுந்துபோய், பூஜைப் பெட்டியிலிருந்து ஒரு பழைய செப்புக் காலணாவைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"செம்பு இரும்பைவிட மெதுதானே? இதோட விளிம்பால எண்ணெய் விட்டுத் தேய்ங்க."

தேய்த்தார். துரு உதிர்ந்தது, கறுப்புத் தோல் அப்படியே நின்றது. நல்ல யோசனை என்று சொல்ல வாயெடுத்து, "நாணயத்தை முன்னாடியே குடுத்திருக்கலாம்ல?" என்றார்.

கனகவல்லி குழலைக் கீழே வைத்தாள். மூன்று பட்டைகளின்மேல் விரலை வைத்தாள்.

"இந்த இடம் எனக்கு நல்லாத் தெரியும். அன்னிக்கு நான் வச்சதும் இதே இடத்துலதான். சந்தனக் கிண்ணத்தை முற்றத்துல வீசினீங்க. தெருவே வேடிக்கை பார்த்துது. நேத்து ஸ்டேஷன்ல சந்தனத்தைப் பார்த்தீங்கல்ல? அங்க என்ன வீசினீங்க?"

அரிகிருஷ்ணன் எண்ணெய்ப் புட்டியின் மூடியைத் திருகினார்.

"சொல்லுங்க. என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?"

"பரவால்லன்னு சொன்னேன்."

அவள் மறுபடி குழலைப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவர் கத்தவில்லை. உள்ளே கோபம் குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அது வேறு ஆளைத் தேடிக்கொண்டது. அந்த ஆள் அவரேதான். பேனாவை நீட்டினால் கையெழுத்துப் போடுகிற ஆள். வீட்டுக்குள் புலி, ஸ்டேஷனில் "பரவால்ல சார்." தூ!

சாயங்காலம் இடது குழல் கண்ணாடிபோல ஆகியிருந்தது. வலது குழலின் முனையருகே, பூ உட்கார்ந்திருந்த இடத்தில், மோதிரம்போல ஒரு வளையம் மட்டும் போகவில்லை. அது அழுக்கு இல்லை, இரும்பே அரித்துப்போன பள்ளம். எந்த பிரஷ்ஷாலும் பள்ளத்தை எடுக்க முடியாது. மறைக்காமல் அசரியாவுக்குப் போன் செய்தார்.

அசரியா பொறுமையாகக் கேட்டார். "குழல்ல பள்ளம்னா பட்டறைக்கு அனுப்பிச் சோதிக்கணும், அரி. அதுவரைக்கும் உன் இடத்தை நான் பிடிச்சு வைக்கணும்னா, இது ஸ்டேஷன் காவல்ல இருந்தப்ப ஆச்சுன்னு அவங்க ஒரு வரி எழுதித் தரணும். நீ சரியா வச்சுக்காம ஆச்சுன்னு ஆபீஸ்ல முடிவு பண்ணா, என்னால ஒண்ணும் பண்ண முடியாது. ஊரப்பாக்கம்தான்."

ஞாயிற்றுக்கிழமை காலை அரிகிருஷ்ணன் அழுகிய சாமந்தியை ஒரு செய்தித்தாளில் மடித்து எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். ஏட்டு சின்னதம்பி அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"அட, ஹவில்தார் சார்! உங்களப் பத்திதான் பேசிகினு இருந்தோம். வந்த துப்பாக்கில உங்களுதுதான் சார் பளபளன்னு இருந்துது. மத்ததெல்லாம் ஒட்டடை. அதனால சாமி படத்துக்கு நேரா உங்களுதத்தான் நடுவுல வச்சோம். ஐயா அவரு கையாலயே பொட்டு வச்சாரு. பூ நான்தான் சொருவுனேன்."

பெருமையாகத்தான் சொன்னார். ஒட்டடை படிந்த துப்பாக்கிகளெல்லாம் மூலையில் பத்திரமாக இருந்திருக்கின்றன. வாராவாரம் துடைத்த ஒரே குற்றத்துக்காக இதை நடுவில் வைத்து நாசமாக்கியிருக்கிறார்கள். அரிகிருஷ்ணனுக்கு மண்டைக்குள் ஏதோ தெறித்தது. பொட்டலத்தைப் பிரித்துப் பூவை அப்படியே பதிவேட்டின்மேல் கொட்டினார்.

"சொருகினீங்களே, எடுத்தீங்களா? தண்ணி தெளிச்சீங்களே, துடைச்சீங்களா? இதைப் பார்க்காம நான் சுட்டிருந்தா என் கை போயிருக்கும். பூஜை பண்ணத் தெரியுது, பூவை எடுக்கத் தெரியாதா? இது உங்க சொத்தா? ஒப்படைச்ச பொருள்யா இது!"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். ஏட்டின் முகம் சுண்டியது.

"பூஜ முடிஞ்ச கையோட அல்லாரும் பந்தோபஸ்துக்கு ஓடிட்டோம் சார். மறந்துபோச்சு. அதுக்கு இப்ப இன்னா பண்ண சொல்றீங்கோ?"

"உங்க காவல்ல ஆச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க."

"நல்ல நிலையிலன்னு நீங்கதான கையெழுத்து போட்டுகிறீங்க?"

"போட்டேன். அது என் முட்டாள்தனம். அதே பூஜையில உங்க ரைஃபிளும் இருந்துதுல்ல? அதைத் திறந்து பார்த்தீங்களா?"

ஏட்டு உள்ளே போனார். ஒரு ரைஃபிளோடு திரும்பி வந்தபோது நடையில் வேகம் இல்லை. குழலைத் தடவிய விரல் பழுப்பாக இருந்தது. வியாழக்கிழமை மேலிடத்திலிருந்து ஆயுதச் சோதனை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "எத்தால சார் தேச்சீங்கோ? எமரி பேப்பர் ஒரு கட்டு கீது. பசங்ககிட்ட குடுத்து தேய்க்க சொல்லட்டா?"

"தேய்ங்க" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். வியாழக்கிழமை இந்த ஸ்டேஷனே வெள்ளி மாதிரி மின்னும், மேலிடம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். அந்த வார்த்தை அவர் நாக்கின் நுனிவரை வந்தது. ரைஃபிளைப் பார்த்தார். அது என்ன பாவம் பண்ணியது?

"எமரி பேப்பரைத் தொட்டீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்!" என்று இரைந்தார். "எழுதிக்குங்க. மண்ணெண்ணெய். பித்தளை பிரஷ், மார்க்கெட்ல ஷாகுல் கடையில கேளுங்க, காந்தம் வச்சுப் பார்த்து வாங்குங்க. பருத்தித் துணி. செப்புக் காசு. கடைசியா தையல் மிஷின் எண்ணெய், துளித்துளியா. தேங்காய் எண்ணெய் ஊத்தினீங்க, நானே மேலிடத்துக்குப் போன் பண்ணுவேன்."

ஏட்டு ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் அந்தத் தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த தாளில் அரிகிருஷ்ணன் கேட்ட அந்த ஒரு வரியை எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்.

அரிகிருஷ்ணன் வீட்டுக்கு வந்தபோது கனகவல்லி வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கடிதத்தைக் காட்டினார். படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"கத்தினீங்களா?"

"கத்தினேன். ஸ்டேஷன் பூரா எழுந்து நின்னுது."

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். தோலை உரித்தபடி, தலை நிமிராமல் கேட்டாள்.

"அன்னிக்கு என்கிட்ட கத்தின அளவுக்கா?"

அரிகிருஷ்ணன் ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"இல்ல," என்றார். "அந்த அளவுக்கு இல்ல."